டான்யூப் கரையில் ஒரு போஸ்டர்

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் யாரும் பல்கேரியாவை அதன் இடத்தில் வைப்பதில்லை. ஒருவர் ரஷ்யாவுக்குப் பக்கம் என்பார். இன்னொருவர் பெல்ஜியம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். எங்கள் சபைப் போதகர் ஞாயிறு ஜெபத்தில் "வளைகுடா நாட்டில் உழைக்கிற எங்கள் சகோதரன்" என்றுதான் இன்னமும் என்னைச் சொல்கிறாராம். நான் தோஹாவை விட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தொழிலில் நான் சர்வேயர். எல்லைகளைச் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்க எனக்கு வராது. ஆகவே முதலில் எல்லைகள்.

வடக்கே டான்யூப் ஆறு, அதற்கு அப்பால் ருமேனியா. கிழக்கே கருங்கடல். தெற்கே கிரீஸும் துருக்கியும். மேற்கே செர்பியாவும் வடக்கு மாசிடோனியாவும். நாட்டின் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. பால்கன் என்ற பெயர் இந்தப் பகுதி முழுவதற்கும் அந்த மலையிலிருந்து வந்தது. மலைக்கு வடக்கே சமவெளி, ஆற்றை நோக்கி மெல்லச் சரிந்து போகிறது. அந்தச் சமவெளியின் வடமேற்கு மூலையில், விதின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாங்கள் இருக்கிறோம். ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் காற்று வரும்போது ஆரல்வாய்மொழியில் நிற்பது போலவே இருக்கும். குளிர்காலத்தில் அதே காற்று காதை அறுக்கும்.

பரப்பில் இந்த நாடு தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல அறுபது மடங்குக்கு மேல் நிலம். ஆனால் நம் மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்கு ஆட்கள்தான். இந்தக் கணக்கை ஊரில் சொன்னால், "நல்லா விசாலமா இருக்கும்லா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. மிகவும் விசாலமாக இருக்கிறது.

இதை எழுத வைத்தது ஒரு காகிதம். போன செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டு கேட்டில் ஒட்டப்பட்ட, ஷைனியின் படம் போட்ட காகிதம். ஷைனி எங்கள் ஒரே மகள். பத்தொன்பது வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெர்மனிக்குப் புறப்பட இருந்தாள். அவள் போகக் கூடாது என்பது என் விருப்பம். அதை நான் அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

2

நான் வேலை செய்வது ஒரு பெரிய விவசாயக் கம்பெனியில். கோதுமை, மக்காச்சோளம், சூரியகாந்தி. கண்ணுக்கு எட்டும் வரை ஒரே வயல் மாதிரி தெரியும். ஆனால் காகிதத்தில் அது சின்னச் சின்னத் துண்டுகள். அந்தத் துண்டுகளின் எல்லையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை. அதைச் செய்யச் செய்யத்தான் இந்த நாட்டின் சரித்திரம் எனக்குப் பிடிபட்டது. புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டது குறைவு.

சுமார் ஐந்நூறு வருடம் துருக்கியரின் ஆட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யப் படை வந்து அதை முடித்தது. பிறகு அரசர்கள், பிறகு போர்கள். இரண்டு உலகப் போரிலும் தோற்கிற பக்கம். 1944இல் சோவியத் படை வந்தது. அரசரை அனுப்பிவிட்டுக் கம்யூனிஸ்ட் ஆட்சி. அப்போது விவசாயிகளின் நிலத்தை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணை ஆக்கினார்கள். வரப்புகளை உழுது அழித்தார்கள். 1989இல் அந்த ஆட்சி விழுந்தது. அடுத்து வந்தவர்கள், நிலத்தைப் பழைய சொந்தக்காரர்களுக்கே திருப்பிக் கொடுப்போம் என்று சட்டம் போட்டார்கள். பழைய சொந்தக்காரர்கள் இறந்து வெகு நாள் ஆகியிருந்தது. பேரன் பேத்திகளுக்குப் பிரித்தார்கள். அவர்கள் ஒருவர் மிலானில், ஒருவர் சிகாகோவில், ஒருவர் எங்கே என்றே தெரியாது.

நாஞ்சில் நாட்டில் வயல் பாகப்பிரிவினைக்கு நான் அளவுச் சங்கிலி பிடித்திருக்கிறேன். அங்கே அண்ணனும் தம்பியும் ஒரு முழ வரப்புக்காக என் முன்னால் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே யாரும் வருவதில்லை. நான் கல்லை நட்டுவிட்டு, சரிதானா என்று கேட்க ஆள் இல்லாமல், வண்டியில் ஏறி வந்துவிடுவேன். அந்தச் சண்டைகள் நல்லவை என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மெத்தோடி. எழுபது தாண்டியவர். கூட்டுறவுப் பண்ணையில் அறுவடை இயந்திரம் ஓட்டியவர். பண்ணையைக் கலைத்தபோது அந்த இயந்திரத்தையே பிரித்து ஆளுக்கு ஒரு பாகமாக எடுத்துக்கொண்டார்கள் என்பார். "எனக்கு இருக்கை கிடைத்தது" என்று சொல்லி முற்றத்தில் கிடக்கும் அந்த இரும்பு நாற்காலியைக் காட்டுவார். அதில்தான் சாயங்காலம் உட்காருவார். தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தார்கள். மற்ற நாடுகள் கதவைத் திறந்தன. மெத்தோடியின் மகன் ஜெர்மனிக்குப் போனான். மகள் ஸ்பெயினுக்கு. எண்பதுகளின் இறுதியில் தொண்ணூறு இலட்சத்தை நெருங்கிய நாடு, இப்போது அறுபத்தைந்து இலட்சத்துக்கும் கீழே.

நம் ஊரிலும்தான் ஆட்கள் வெளியே போகிறார்கள். அஞ்சுகிராமத்திலிருந்து இனயம் வரை, வெளிநாட்டில் ஒருவர் இல்லாத வீடு கிடையாது. ஆனால் நம் ஊரில் ஒருவன் போனால் ஒரு வீடு எழும்பும். இங்கே ஒருவன் போனால் ஒரு கூரை இறங்கும். எங்கள் தெருவில் எங்கள் வீட்டையும் மெத்தோடி வீட்டையும் தவிர மற்றவை பூட்டிக் கிடக்கின்றன. பூட்டின வீடுகளின் கதவிலும் ஒரு முகம் இருக்கும். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒருவர் இறந்தால், ஒரு வெள்ளைத்தாளில் மேலே சிலுவை, நடுவில் படம், கீழே பெயரும் வயதும் அச்சடித்து வீட்டு கேட்டில் ஒட்டுவார்கள். பஸ் நிறுத்தத்திலும் கரண்டு கம்பத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் புதிய தாள். ஆறாம் மாதம் புதிய தாள். பிறகு வருடா வருடம். ஒட்டுவதற்கு ஆள் இருக்கும் வரை ஒட்டுவார்கள். மெத்தோடியின் கேட்டில் அவர் மனைவியின் படம் இருக்கிறது.

கிராமத்து நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கிழவர்களுக்கு அதை இயக்கத் தெரியாது. பள்ளியில் படிக்கும்போதே ஷைனிதான் எல்லோருக்கும் அந்தத் தாளைத் தயார் செய்து கொடுத்தாள். யாராவது படத்தைக் கொண்டுவந்தால் உட்காரவைத்து, என்ன எழுத வேண்டும் என்று கேட்டு, அடித்துக் கொடுப்பாள். ஸ்டெல்லா, என் மனைவி, "பச்சப் பிள்ளைக்கு இது என்ன ஜோலி?" என்று கோபப்படுவாள். ஷைனி சிரிப்பாள். "அவியளுக்கு வேற யாரும்மா இருக்கா?"

3

ஷைனி ஏழு வயதில் இங்கே வந்தாள். இப்போது தமிழில் பேசுவாள், பல்கேரிய மொழியில் எண்ணுவாள். ஸ்டெல்லா மாவு அளக்கச் சொன்னால் அவள் வாய்க்குள் ஓடும் எண்கள் எங்களுக்குச் சட்டென்று புரியாது. இந்த ஊரில் ஆம் என்பதற்குத் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார்கள். போன தடவை எங்கள் ஊர் மயிலாடிக்குப் போயிருந்தபோது என் தங்கை "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா மக்கா?" என்று கேட்டாள். ஷைனி ஆசையாகத் தலையை ஆட்டினாள். தங்கை சோற்றுப் பானையை மூடிவிட்டாள். "உனக்க மவளுக்கு நம்ம சாப்பாடு பிடிக்கல்ல, பாத்தியா?" என்று என்னிடம் வருத்தப்பட்டாள்.

குடியுரிமை வாங்க நான் அலைந்ததைத் தனியாக எழுதலாம். இங்கே ஒருவருக்கு மூன்று பெயர் வேண்டும். சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். ஷைனிக்கு ஒரு பெயரும் ஓர் எழுத்தும்தான். "இந்த எழுத்து யார்?" என்று அலுவலகத்தில் இருந்த அம்மாள் கேட்டாள். "நான்தான்" என்றேன். அதை நிரூபிக்க நாகர்கோவிலில் ஒரு சான்றிதழ், சென்னையில் ஒரு முத்திரை, தலைநகர் சோஃபியாவில் ஒரு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் ஒரு புள்ளி விட்டுப்போனதால் திரும்பவும் முதலிலிருந்து. நானும் ஸ்டெல்லாவும் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருந்துவிட்டோம். அவளுக்கு மட்டும் வாங்கினேன். அவள் இந்த நாட்டில் யாரிடமும் அனுமதி கேட்காமல் இருக்க வேண்டும், சோஃபியாவில் படிக்க வேண்டும், விடுமுறைக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக.

அந்தப் பாஸ்போர்ட்டால் அவள் ஐரோப்பாவில் எங்கு வேண்டுமானாலும் போய் வேலை பார்க்கலாம். அதை அவள் வகுப்பில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் முந்தின வருடமே போய்விட்டார்கள். ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில் நர்சிங் பயிற்சி, படிக்கும்போதே சம்பளம். விண்ணப்பம் போட்டு, இடமும் கிடைத்த பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"எல்லாரும் அப்படித்தானேப்பா போறாங்க" என்றாள்.

எங்களிடமிருந்து தமிழையும் முந்திரிக்கொத்து சுடுவதையும் கற்றுக்கொண்டது போல, இந்த நாட்டிலிருந்து அவள் கற்றுக்கொண்டது அதுதான் என்று எனக்குப் பட்டது. அவள் பல்கேரியப் பெண் ஆகிவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்த வருடங்களில், அவள் முழுதாக ஆகியே விட்டிருந்தாள்.

4

எட்வின் ஸ்டெல்லாவின் தம்பி. அஞ்சுகிராமத்தில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தான். கடையை மூடிவிட்டு எங்கள் கம்பெனியின் தானியக் கிடங்கில் வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வந்த முதல் நாள் தெருவில் நடந்தபோதே கேட்டான்.

"அத்தான், இது என்ன, எல்லா கேட்லயும் படம்?"

"செத்தவங்களுக்கு ஒட்டுறது."

"நம்ம ஊர்லயும் ஒட்டுவோம்லா" என்று சொல்லிவிட்டு, அருகில் போய்த் தாளைத் தடவிப் பார்த்தான். "டிசைன் கொள்ளாம். ஆனா கலர் அடிச்சிருக்கலாம்."

பேச்சு அத்துடன் முடிந்தது. அவன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. மாமன் என்ற முறையில் மருமகளை வழியனுப்ப ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை அதிகாலை நான் வயலுக்குப் போய்விட்டேன். ஷைனி முதல் பஸ்ஸில் விதினுக்குப் போனாள், ஏதோ ஒரு சான்றிதழில் முத்திரை வாங்க. எட்வின் கிடங்கு அலுவலகத்தில் முந்தின நாளே ஒரு போஸ்டர் அடித்து வைத்திருந்தான். அஞ்சுகிராமத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அடித்த அதே மாதிரி. மேலே சிலுவை. அதன் கீழே ஒரு வசனம். நடுவில் ஷைனி சிரிக்கிற படம், சுற்றிலும் கட்டம். கீழே, "ஜெர்மனி செல்லும் எங்கள் குலவிளக்கே, வாழ்த்தி வழியனுப்பும் மாமன் எட்வின்". அலுவலகப் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான் உண்டு.

ஏழு மணிக்கு அதை எங்கள் கேட்டில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனான். பஸ் நிறுத்தத்தில் ஒன்று ஒட்டினான். கடை வாசலிலும் ஒன்று.

5

மதியம் வண்டியில் தெருவுக்குள் திரும்பும்போது எங்கள் வீட்டு முன்னால் ஆட்கள் நிற்பதைப் பார்த்தேன். எங்கள் தெருவில் அத்தனை பேரை நான் சேர்ந்து பார்த்ததில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். எல்லோர் கையிலும் பூ. தோட்டத்தில் அறுத்த டேலியாவும் செவ்வந்தியும். மெத்தோடி கோட்டுப் போட்டிருந்தார். வெயிலில் கோட்டு.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவர்கள் எனக்கு வழி விட்டார்கள். கேட்டில் அந்தத் தாள் இருந்தது.

அதில் இருந்தது தமிழ். என் தாய்மொழி. நான் அதைப் படிக்கவில்லை. சிலுவையைப் பார்த்தேன், கறுப்புக் கட்டத்தைப் பார்த்தேன், ஷைனியின் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் இந்தத் தெருவில் நடந்த கண் அது. அதற்கு அந்தத் தாளில் வேறு எதுவும் தெரியவில்லை. காலையில் போன பஸ், ஆற்றோரத் திருப்பம், எல்லாம் ஒரே கணத்தில் வந்தன. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே ஸ்டெல்லாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவள் வாசற்படியில் தட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். கேட்டின் வெளிப்பக்கத்தை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை. மகள் பயணத்துக்கென்று சுட்ட முந்திரிக்கொத்து. வருகிற ஒவ்வொருவருக்கும் எடுத்து நீட்டினாள். இங்கே இறந்தவரின் ஆத்துமாவுக்காக இனிப்புக் கொடுப்பது வழக்கம். வாங்குகிறவர் "கடவுள் மன்னிப்பாராக" என்று சொல்லி வாங்குவார். அவர்கள் ஒவ்வொருவராக அப்படியே சொல்லி வாங்கினார்கள். ஸ்டெல்லாவுக்கு இந்த மொழி கடை சாமான் அளவுக்குத்தான் வரும். ஒவ்வொருவருக்கும் மலர்ந்த முகத்தோடு "நன்றி, நன்றி" என்றாள்.

"கேட்டியளா, ஊரே திரண்டு வந்துருக்கு பிள்ளைய வழியனுப்ப" என்றாள் என்னைப் பார்த்து. "இவியள நாம தப்பா நெனச்சிட்டோம். என்ன பாசம்! அந்தக் கடைக்காரி அழுதே போட்டா."

கடைக்காரி ரும்யானா தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மெத்தோடி என் தோளைப் பிடித்தார். "உன் மனைவிக்குத் தாங்க முடியவில்லை. மூளை ஏற்கவில்லை. விட்டுவிடு, சிரிக்கட்டும்" என்றார் என் காதில்.

அப்போதுதான் நான் தாளைத் திரும்பிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். *ஜெர்மனி செல்லும்.*

அவர்களுக்கு எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதிய பஸ் வந்தது. ஷைனி தெரு முனையில் இறங்கி, கையில் பையுடன், கூட்டத்தைப் பார்த்து வேகமாக நடந்து வந்தாள். ரும்யானா அலறினாள். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு யாரோ சிரிக்க ஆரம்பித்தார், எல்லோரும் சிரித்தார்கள். மெத்தோடி அவளைக் கட்டிப்பிடித்து, "எவ்வளவு நல்ல டேலியா தெரியுமா, எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்" என்று திட்டினார்.

ஷைனி சிரிக்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேருக்கு அந்தத் தாளைத் தயார் செய்தவள் அவள். படத்தின் அளவும் கட்டத்தின் தடிப்பும் அவளுக்குத் தெரியும்.

பூக்களை என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் படியிலேயே வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

6

சாயங்காலம் எட்வின் வந்ததும் ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, உனக்கு மண்டையில என்ன இருக்கு? உயிரோட இருக்கப்பட்ட பிள்ளைக்கு..."

"அக்கா, நம்ம ஊர்ல சாவுக்கும் ஒட்டுவோம், கல்யாணத்துக்கும் ஒட்டுவோம், பிளஸ் டூ பாசானாலும் ஒட்டுவோம். ஒரே சுவருல பக்கத்து பக்கத்துல ஒட்டுவோம். இஞ்ச செத்தவனுக்கு மட்டுந்தான் படம்னு நான் என்னத்த கண்டேன்!" அவன் கேட்டைக் கை காட்டினான். "வாழ்த்துன்னு அவ்வளவு பெருசா போட்டிருக்கேன்லா."

ஷைனி தன் அறைக் கதவைத் திறந்து வந்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குப் போவாண்டாம்பா."

"ஏட்டி, என்ன சொல்லுத?" என்றாள் ஸ்டெல்லா. "நாம கர்த்தரை நம்பப்பட்டவங்க. சகுனமா பாக்குத?"

"நீங்க இஞ்ச பிறக்கல்ல, உங்களுக்குத் தெரியாது" என்றாள். அவளும் இங்கே பிறக்கவில்லை. அதை யாரும் சொல்லவில்லை. "எனக்குப் படம் ஒட்டியாச்சு. நான் போவல்ல."

சகுனம் என்பது மூடநம்பிக்கை என்று சொல்ல வேண்டிய ஆள் நான். என் அப்பா பள்ளி வாத்தியார். எங்கள் வீட்டில் பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்பார். நான் எழுந்து கேட்டுக்குப் போய்த் தாளைக் கிழித்துவிட்டு, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று எனக்குப் பசித்தது. ஷைனி எதிரில் உட்கார்ந்து, தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். சோஃபியாவில் கல்லூரிச் சேர்க்கை இன்னும் முடியவில்லை என்று என் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

சனிக்கிழமை காலை ரும்யானா வந்தாள், மெத்தோடியையும் கூட்டிக்கொண்டு. ஷைனி கடைக்குப் போய், ஜெர்மனிக்குப் போகப்போவதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் செய்தியைக் கேட்டு நேராக வந்தார்கள். ரும்யானா எங்களில் யாரிடமும் பேசாமல், படியில் வாளித் தண்ணீரில் கிடந்த பூக்கொத்துகளைத் தூக்கி மேசையில் வைத்தாள். இங்கே சாவுக்கு இரட்டைப்படையில் பூ கொண்டுவருவார்கள், உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படை. மொய்க்கு நாம் ஒரு ரூபாய் கூட்டி வைப்பது போல. ரும்யானா ஒவ்வொரு கொத்தையும் பிரித்து, அதிலிருந்து ஒரு பூவை உருவிப் போட்டுவிட்டு, திரும்பக் கட்டினாள்.

"பார். இப்போது இது உனக்கு" என்று ஷைனியின் கையில் கொடுத்தாள்.

"இருக்கட்டும், அத்தை. நான் இங்கேயே இருக்கிறேன்" என்றாள் ஷைனி அவர்கள் மொழியில்.

"இருந்து?"

ஷைனி கையிலிருந்த கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கள் கேட்டில் எல்லாம் காகிதம் ஒட்டவா? முதலில் இவருக்கு," என்று மெத்தோடியைக் காட்டினாள், "பிறகு எனக்கு. பிறகு யார் படத்தை அடிப்பாய்? தெருநாய் படத்தையா?"

"எனக்கு முதலில் என்று யார் சொன்னது?" என்றார் மெத்தோடி.

"உன் இருமல் சொல்லுகிறது, கிழவா."

ஷைனி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், அவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மெத்தோடியை வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்களுக்கு அவள் இருக்க வேண்டாமா?" என்றேன். "இந்த ஊரில் இளம் பிள்ளை என்று மிச்சம் இருப்பது அவள்தான். அவளுக்கே போக மனமில்லை. விடுங்களேன்."

"வேண்டும்" என்றார். "எனக்கு ரொம்ப வேண்டும். என் மகனை இருக்கச் சொன்னேன். ஒரு வருடம் இருந்தான். அந்த ஒரு வருடமும் அவன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்ததில்லை." கொஞ்ச நேரம் இருமினார். "உன் அப்பா இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"உன்னைப் போகாதே என்றாரா?"

சொல்லவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். அதை மெத்தோடியிடம் சொன்னேன்.

"நல்ல மனிதர்" என்றார்.

திரும்பி வந்தபோது ஷைனி பெட்டியைத் திறந்து துணிகளை எடைக்குத் தகுந்தபடி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். ரும்யானா கட்டிலில் உட்கார்ந்து, எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அவள்தான் பெட்டி கட்டினாளாம். கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே போட்டாள். "அங்கே வாங்கிக்கொள்வாய். நாங்கள் கொடுத்துவிட்டதைப் பிள்ளைகள் உடுத்துவதில்லை" என்றாள்.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இருந்துவிடு மக்கா என்று. முந்தின இரவு சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். வாசலில் நின்று, "எடை சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை ரும்யானா செப்புக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, எங்கள் கேட்டுக்கு முன்னால், ஷைனி கால் வைக்கும் இடத்தில் ஊற்றினாள். போகிறவரின் காரியம் தண்ணீர் போலத் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று இங்கே அப்படிச் செய்வார்கள். ஸ்டெல்லா அதற்கு முன்பே வீட்டுக்குள் ஜெபம் செய்து முடித்திருந்தாள். ஷைனி ஈரத்தில் கால் வைத்து நடந்தாள். எட்வின் பெட்டியைத் தூக்கி வந்தான். இரண்டு நாளாக அவன் யாரிடமும் பேசவில்லை.

"மாமா, கலர்ல ஒண்ணு அடிச்சு எனக்கு போன்ல அனுப்புங்க" என்றாள் ஷைனி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விதினில் வெள்ளை மினி பஸ் நின்றது. உள்ளே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். டான்யூப் மேல் பாலத்தைக் கடந்தால் ருமேனியா, பிறகு ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜெர்மனி. முன்பெல்லாம் பாலத்தில் நிறுத்திப் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும். எல்லைச் சோதனை இப்போது எடுத்தாகிவிட்டது. காலி கூண்டுகள் மட்டும் நிற்கின்றன. வாழ்நாள் முழுவதும் எல்லைக்கல் நட்டவன் நான். ஒரு தடவையாவது ஓர் எல்லையில் யாராவது அவளை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்களா என்று நினைத்தேன். பஸ் வேகத்தைக் குறைக்காமல் பாலத்தில் ஏறியது. நான் நின்ற கரையிலிருந்தே அது தெரிந்தது.

திங்கட்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது ரும்யானா கேட்டாள்.

"உங்கள் மணி எது?"

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். பிள்ளைகள் வெளியே இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் சாயங்காலம் ஒரு நேரம் உண்டு, பிள்ளை கூப்பிடுகிற நேரம். அந்த நேரத்தில் அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை, சத்தம் போட்டுப் பேசியபடி வாசலைக் கடப்பதில்லை. அவள் மணி ஆறு. மெத்தோடியின் மணி ஏழு. பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் இருந்து எனக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லாததால் யாரும் சொல்லவில்லை.

"எட்டு" என்றேன். ஷைனிக்கு அது வசதிப்படும் என்று தோன்றியது.

"எட்டு. சொல்லிவிடுகிறேன்" என்றாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

முதல் சில வாரம் எட்டு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டாள். பிறகு வார்டில் இரவு முறை வந்தது. பிறகு ஜெர்மன் வகுப்பு. இப்போது சில நாள் வரும், சில நாள் ஒரு படம் மட்டும் வரும். குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை. நானும் தோஹாவில் அப்படித்தான் இருந்தேன்.

போன வியாழக்கிழமை எட்டு மணிக்குப் போனை மேசையில் வைத்துக்கொண்டு, முன்னறையில் நானும் ஸ்டெல்லாவும் உட்கார்ந்திருந்தோம். மெத்தோடி எதையோ திருப்பிக் கொடுக்க வந்தார். கேட்டைத் திறந்து பாதி உள்ளே வந்தவர் விளக்கைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, இருமல் வராமல் இருக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு, திரும்பி நடந்தார்.

"கூப்பிடுங்களேன்" என்றாள் ஸ்டெல்லா. "போன்தான் வரல்லியே."

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், போன் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவர் ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவதைத் தினமும் எங்கள் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். அந்த நேரத்தில் அவர் உதடு அசைந்து நான் பார்த்ததில்லை. போன் வந்ததா என்று அவரிடம் யாரும் கேட்டதுமில்லை. ஒன்பது மணி ஆனதும் ஸ்டெல்லா எழுந்து விளக்கை அணைத்தாள்.